மேகாத்தும் பன்னீர்த் திராட்சையும்

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் ஒரு மாதத்துக்குள் ஒரு கேள்விக்குப் பழகிவிடுவீர்கள். வேனை விட்டு இறங்கியதும் யாராவது வந்து கேட்பார்கள், "டிரம்மு செட்டு பின்னாடி வண்டியில வருதா?" என்று. வராது என்று சொன்னால் அவர்கள் முகம் சுருங்கிப்போகும். அதற்காக நீங்கள் முகம் சுருங்க வேண்டாம்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நாங்கள் ஐந்து பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு பெண்ணின் தாய்மாமன், "மத்தவுக எப்ப வருவாக?" என்று கேட்டார். இவ்வளவுதான் என்றோம். அவர் நம்பவில்லை. நாங்கள் மூன்று உருப்படி வாசித்து முடிக்கும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். குமுளிக்கு மேலே ஒரு மாதா கோயில் பெருநாளில், "செண்ட இல்லாதெ எந்து பேண்டு சேட்டா?" என்று ஒருவர், செண்டை மேளம் இல்லாமல் இதென்ன பேண்டு என்று, உண்மையான வருத்தத்தோடு கேட்டார். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், மடியில் வைத்துக் கனத்த குரலில் ஊதுகிற ஒரு யுபோனியம். ஐந்தும் பித்தளை, ஐந்தும் ஊதுவது. அடிக்க ஒன்றும் கிடையாது. ஊர்வலத்தில் நடக்க மாட்டோம், உட்கார்ந்து வாசிப்போம், கேட்கிறவர்களும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். இதைப் புரியவைப்பதற்கே என் பாதி ஆயுள் போய்விட்டது.

மீதிப் பாதியில் யுபோனியம் ஊதினேன், குழுவையும் நடத்தினேன். பல் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். பல்செட் மாட்டிக்கொண்டு ஒருநாள் ஊதிப் பார்த்தேன். முதல் சுரத்திலேயே அது கருவிக்குள் போகப் பார்த்தது. சரி, நமக்கு உத்தரவு வந்துவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டேன்.

எந்த எண்ணெய் போடுவது, எப்படி மூச்சுப் பழகுவது என்பதையெல்லாம் ஹார்ன் வாசிக்கும் தாசன் சொல்லித்தருவார். அவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார், இரண்டு தரம்கூடச் சொல்லுவார். நான் எழுத உட்கார்ந்தது சுருளிப்பட்டியில் ஒரு சாயங்காலம் நான் செய்த தப்பைப் பற்றி. ஒரு தப்பு அல்ல, அரைமணி நேரத்துக்குள் இரண்டு.

முதலில் ஜெசிந்தா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பித்தளைக்கென்று நம்மிடம் இருந்த இசையெல்லாம் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கம்பத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, பனியில் சறுக்கிப் போகிற வண்டிக்கு எழுதிய பாட்டை வாசித்தால் நமக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு புது உருப்படியாவது இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற யாரையாவது எழுதச் சொல்லி வாங்குவது என்று முடிவு செய்தோம். முதலில் கேட்டது ஜெசிந்தா டீச்சரை. உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிப்பார். வீட்டில் யாருக்கும் காட்டாமல் நோட்டு நோட்டாக இசை எழுதி வைத்திருந்தார்.

அவர் முதலில் எழுதிக்கொண்டு வந்ததை நாங்கள் வாசித்துப் பார்த்தோம். இரண்டு நிமிஷத்தில் டிராம்போன்காரருக்குக் கண் இருட்டியது.

"டீச்சர், எங்கன மூச்சு விடுறது?" என்று கேட்டேன்.

"மூச்சா? அதுக்குத் தனியா எடம் விடணுமாண்ணே?"

"விடலைன்னா எங்கள அடக்கம் பண்ண எடம் பாக்கணும் டீச்சர்."

அவர் சிரித்துக்கொண்டே தாள்களை வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து மூச்சு விட இடம் வைத்துக் கொண்டுவந்தார். பெயர் 'மேகாத்து'. குமுளி மலை இடுக்கில் புகுந்து, கூடலூர் கம்பம் என்று இறங்கி வருகிற மேல்காற்றுதான் விஷயம். நடுவில் மற்ற நான்கு பேரும் நிறுத்திவிட, முதல் டிரம்பெட் மட்டும் தனியாக ஒரு நிமிஷத்துக்கு மேல் போகும். எங்கள் முதல் டிரம்பெட் அமல்ராஜ். அவன் ஊதுவதைக் கோயிலில் கேட்டுக் கேட்டு, அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த இடத்தை எழுதியிருந்தார்.

ஒத்திகை ஆரம்பித்த இரண்டாம் வாரம் அமல்ராஜுக்கு முகவாதம் வந்தது. தேனியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறவன். காலையில் பல் விளக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்ததாம். கண்ணாடியில் பார்த்தால் வலது பக்கம் வாய் தொங்கிக் கிடக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடுதான் பிழைப்பு. பிழைப்பு என்று வருமானத்தைச் சொல்லவில்லை, அதற்குக் கடை இருக்கிறது. அவன் தன்னை யார் என்று நினைத்துக்கொண்டிருந்தானோ அது அந்த உதட்டில்தான் இருந்தது.

இரண்டாவது டிரம்பெட்டை அந்தத் தனி இடத்தை ஊதச் சொல்லலாமா என்று நான் டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "அமல்ராஜ் அண்ணனுக்குன்னு எழுதுனது. அவுக வர்ற வரைக்கும் தாளு பீரோவுல இருக்கட்டும்."

எட்டு மாதம் பீரோவில் இருந்தது. அவன் தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உறிஞ்சுகுழலை உதட்டில் பிடித்துப் பழகினான், மெழுகுவர்த்தியை ஊதி ஊதி அணைத்தான். அவன் மனைவி ரோஸ்லின் டிரம்பெட்டைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல முகம் நேரானது. ஒத்திகைக்கு வந்தான். ஊதினான். பழைய சத்தம் பாதி வந்தது, பிறகு முக்கால் வந்தது. ஆனால் அவன் வீட்டில் ரோஸ்லினிடம் ஒன்று சொல்லியிருந்தான். மேகாத்தை ஆட்கள் முன்னால் ஊதிப் பார்ப்பேன், வரவில்லையென்றால் டிரம்பெட்டைக் கோயில் பேண்டுப் பையன்களிடம் கொடுத்துவிடுவேன் என்று. அவள் அதை என்னிடம் சொல்லி, "நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீகண்ணே" என்றாள். அது தெரிந்துதான் நான் சுருளிப்பட்டிக்குப் போனேன். அப்படியிருந்தும்தான் இது நடந்தது.

சுருளிப்பட்டியில் புதிதாகக் கட்டிய சமுதாயக்கூடத்துத் திறப்புவிழா. எங்களை அழைத்தவர் முத்தையா. திராட்சைத் தோட்டக்காரர், விழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். வந்து இறங்கியதும் டிரம் எங்கே என்று கேட்காத முதல் மனிதர். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. நாலு மணிக்கு ஆரம்பித்தோம். கூடம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் டீச்சர், மூன்றாம் வரிசையில் ரோஸ்லின். முதல் பாதியில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள், நன்றாகவே போனது. இடைவேளை விட்டு, கடைசியாக மேகாத்து.

இடைவேளையில் முத்தையாவும் அவர் வீட்டு ஆட்களும் நான்கு தாம்பாளத்தில் பன்னீர்த் திராட்சை கொண்டுவந்தார்கள். காலையில் பறித்தது. மேலே வெண்சாம்பல் பூத்து, கருநீலமாக, ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருந்தது.

நம் தொழிலில் ஒரு விதி உண்டு. ஊதுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. முக்கியமாக இனிப்பு. எச்சிலோடு சர்க்கரை கருவிக்குள் போய், விரலால் அழுத்துகிற வால்வில் படிந்து காய்ந்தால் பிசின்தான். என்னைப் பழக்கிய பேண்ட் மாஸ்டர் மிட்டாய் வாசனை அடித்தால் கருவியைத் தொடவிட மாட்டார். இந்த விதியை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வீட்டில் பாயசத்தை வேண்டாம் என்று சொல்லி, அந்த வீட்டு அம்மா, எங்க வீட்டுல சாப்பிட மாட்டீகளோ என்று கண் கலங்கி, பெரிய சங்கடமாகிவிட்டது. அந்த நினைப்பு எனக்கு இருந்தது. நான் எடுத்துத் தின்றேன். மற்றவர்களும் எடுத்தார்கள்.

அமல்ராஜ் மட்டும், "வேணாம்ணே, ஊதணும்" என்றான்.

முத்தையா தாம்பாளத்தை நீட்டியபடியே நின்றார். நான் சொன்னேன், "ஏலே, பெரியவுக கையில எடுத்து வந்துருக்காக. ரெண்டு வாயில போட்டா என்னவாம்."

அவன் ஒரு கொத்தை எடுத்துத் தின்றான். நாங்கள் நான்கு பேரும் பின்னால் குழாயடிக்குப் போய் வாய் கொப்புளித்தோம். எனக்கு அது யோசிக்காமலே நடக்கிற பழக்கம். அமல்ராஜை முத்தையா வீட்டார் போட்டோ எடுக்க இழுத்துக்கொண்டார்கள். போட்டோ முடிந்து அவன் நேராக மேடைக்கு வந்தான், டிரம்பெட்டை எடுத்து நாலு சுரம் ஊதி வைத்தான். அப்புறம் கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கட்டடம் கட்டிய கதையை இருபது நிமிஷம் சொன்னார். வால்வு காய்வதற்கு அது போதும்.

மேகாத்து ஆரம்பித்தது. கூடம் அமைதியாகிவிட்டது. நான்கு பேரும் நிறுத்தினோம், அமல்ராஜ் தனியே எழுந்தான். முதல் ஏழெட்டு மூச்சுக்கு அவ்வளவு அழகு. அப்புறம் ஒரு சுரம் மூக்கடைத்த மாதிரி வந்தது. அடுத்ததும் அப்படியே. அவன் மறுபடி முயன்றான், சத்தம் பிசிறியது. அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. டிரம்பெட்டை இறக்கிவிட்டான்.

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யோசிக்க நேரம் இருந்தது, ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அந்த மூச்சை நான் யோசிக்கப் பயன்படுத்தவில்லை, ஊதப் பயன்படுத்தினேன். அவன் விட்ட இடத்திலிருந்து யுபோனியத்தில் எடுத்து அந்தத் தனி இடம் முழுவதையும் ஊதி முடித்தேன். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். உருப்படி முடிந்ததும் கைதட்டல் கூரையை முட்டியது. அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

நிகழ்ச்சி அத்தோடு முடிந்து, முத்தையா நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார். டீச்சர் மேடைப் பக்கம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நல்லா ஊதுனீகண்ணே. ஆனா அது நான் எழுதுனது இல்ல."

"வேற என்ன செய்யச் சொல்றீக டீச்சர்? அப்படியே நின்னுபோனா அசிங்கமாயிருமில்ல?"

"யாருக்கு அசிங்கம்?" என்று கேட்டார்.

நான் அமல்ராஜைப் பார்த்தேன். டிரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்திருந்தான். "விடுங்க டீச்சர்" என்றான். "அண்ணன் காப்பாத்திட்டாக. என் வாயி அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல குடுத்துர்றேன்." சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடைக்கு வந்தவரிடம் இந்த மோட்டார் இனி ஓடாது என்று சொல்கிற அதே குரலில் சொன்னான்.

ரோஸ்லின் டிரம்பெட்டைப் பெட்டியில் வைக்க எடுத்தாள். துடைத்தாள். எட்டு மாதமாக அதைத் துடைத்த கை. துடைத்துக்கொண்டே வந்தவள் நின்றாள். "அண்ணே, இந்த நடு பட்டனு ஏன் மேல வரமாட்டேங்குது?"

நான் வாங்கி அழுத்தினேன். அழுத்தினால் இறங்கியது, விட்டால் பாதியில் நின்று, கொட்டாவி விட்டுக்கொண்டே மேலே வந்தது. கழற்றினேன். விரலில் ஒட்டியது. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பார்த்தேன். பன்னீர்த் திராட்சை.

பாதி ஏறிய வால்வு தருகிற சத்தமும், வலுவில்லாத உதடு தருகிற சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மோட்டாரைக் காதால் கேட்டே பழுது சொல்கிறவன் அமல்ராஜ். அப்படிப்பட்டவன் கருவியைச் சந்தேகப்படவே இல்லை, நேராகத் தன் முகத்தைச் சந்தேகப்பட்டான். பயம் வந்தால் நமக்கெல்லாம் அப்படித்தான். திராட்சையைத் தின்ன வைத்தது நான். கொப்புளிக்கச் சொல்லாமல் விட்டது நான். அவன் வால்வை அழுத்திப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஊதியதும் நான்.

தாசன் நிதானமான ஆள். என் காதருகே வந்து, "விடுங்கண்ணே. நல்லபடியா முடிஞ்சிருச்சு, ஆளுக எந்திரிக்கப் போறாக. வேன்ல போகையில அவன்கிட்டத் தனியாச் சொல்லிக்கலாம்" என்றார். நியாயமான யோசனைதான். வேறு நாளாக இருந்தால் நானே அதைச் சொல்லியிருப்பேன். ஆனால் தனியாகச் சொன்னால் அவன் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வான். மறுபடி இதே கூடத்தில் இதே ஆட்கள் முன்னால் ஊதினால்தான் அவனுக்கே தெரியும்.

அதில் இன்னொன்றும் இருந்தது. வால்வைக் கழுவிக் கொடுத்து அவன் ஊதி, அப்போதும் வராமல் போனால்? சாய்ந்துகொள்ள இருந்த ஒரே சாக்கும் போய்விடும். அதையும் நான்தான் பறித்தவன் ஆவேன். அரைமணி நேரத்துக்குள் அவனுக்காக நான் இரண்டு தரம் முடிவெடுத்திருந்தேன், இரண்டும் தப்பு. அதனால் மூன்றாவதை எடுக்கவில்லை. படியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வால்வை அவன் கையில் வைத்தேன்.

"அமலு, இது திராட்சை. தின்னச் சொன்னது நான். இடையில பூந்து ஊதுனதும் நான்தான். கழுவிட்டு இன்னொரு தரம் போலாம். இல்ல, வேணாம்னா வேனுக்குப் போயிருவோம். நீதான் சொல்லணும். எது சொன்னாலும் சரி."

அவன் வால்வை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கடையில் பழுதான பாகத்தைப் பார்க்கிற பார்வை. டிரம்பெட்டை ரோஸ்லின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குழாயடியைப் பார்த்து நடந்தான். வாயையும் கொப்புளித்துவிட்டுத்தான் திரும்பி வந்தான்.

ஆட்கள் எழுந்து நாற்காலியை நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் முத்தையாவிடமிருந்து மைக்கை வாங்கினேன். பேச்சு எனக்கு வராது. "உக்காருங்க" என்றேன். "நடுவுல நான் ஊதுனது தாளுல இல்லாதது. அது டிரம்பெட்டு ஊத வேண்டிய எடம். வால்வு ஒட்டிக்கிருச்சு. ஊதுற நேரத்துல திராட்சை திங்கக் கூடாது, எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் அவனைத் தின்ன வச்சேன். அத மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கிறோம்."

திராட்சைக்காரர்கள் ஊரில் நின்றுகொண்டு திராட்சையைப் பற்றிக் குறை சொல்கிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது. முத்தையா என்னைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பித்தளையவே ஒட்டவச்சிருச்சுன்னா பாத்துக்கங்கப்பா நம்ம பழத்துல எம்புட்டு இனிப்புன்னு" என்றார். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

மறுபடி மேகாத்து. மறுபடி நாங்கள் நான்கு பேரும் நிறுத்தினோம். யுபோனியத்தை மடியில் படுக்க வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன். என்ன ஆனாலும் தொடுவதில்லை என்று. அமல்ராஜ் ஆரம்பித்தான். அந்த ஏழெட்டு மூச்சு தாண்டியது. ஒட்டிய இடம் தாண்டியது, சுத்தமாக. ரோஸ்லின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஏற்றம் உண்டு. காற்று மலையை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஒரு தரம் மேலே எகிறுகிற மாதிரி. அந்த உச்சிச் சுரத்தில் அவன் உதடு நழுவியது. வால்வு சரியாகத்தான் இருந்தது. சத்தம் உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. யுபோனியத்தின் மேல் கட்டிய கையை நான் இன்னும் இறுக்கிக்கொண்டேன். அமல்ராஜ் நிறுத்தினான், மூச்சு இழுத்தான், ஒரு படி கீழே போய் அங்கிருந்து மறுபடி ஏறினான். இந்தத் தடவை சன்னமாக, ஆனால் சுரத்தில் நின்றது. முடித்தான். நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

கைதட்டல் முதல் தடவை அளவுக்கு இல்லை. நிஜத்தைச் சொல்ல வேண்டுமல்லவா, நான் ஊதியதற்குத்தான் அதிகம் தட்டினார்கள். டீச்சர் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கருவிகளை வேனில் ஏற்றும்போது அமல்ராஜ் என்னிடம் வந்தான். தோளில் டிரம்பெட் பெட்டி.

"அண்ணே, மேல ஒடஞ்சது வால்வு இல்ல. அது நான் விட்டது."

நான் வாயைத் திறந்தேன். பரவாயில்லப்பா, யாருக்கும் தெரியல என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.

"வலது பக்கம் இன்னும் பிடிமானம் வரலண்ணே" என்றான் அவன். "ரெண்டு மாசம் ஆகும். ரெண்டு மாசத்துல அந்தச் சொரத்த நிப்பாட்டிருவேன்."

எட்டு மாதமாக அவன் வாயிலிருந்து அடுத்த வாரம் என்றுகூட ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. ரோஸ்லின் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.